வண்டி போயிற்று, பேர் போகவில்லை

வேலூரில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் படிவங்களை நிரப்பிக் கொடுத்தே எனக்குப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. கார் விற்றவர்கள் கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: அண்ணே, எட்டு மாதம் முன்பு காரைப் புரோக்கர் மூலம் விற்றேன். பேர் மாற்றத்துக்கான 29, 30 இரண்டு ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று. இப்போது சிக்னல் தாண்டியதாக என் போனுக்கு பெங்களூர் சலான் வருகிறது.

வாங்கினவர் பேரும் தேதியும் எழுதித்தான் கையெழுத்துப் போட்டீர்களா தம்பி? போட்டிருக்க மாட்டீர்கள். புரோக்கர் கேட்பதே வெற்று ஃபாரம்தான். தன் பேருக்கு மாற்றினால் ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) ஓனர் எண்ணிக்கை ஒன்று ஏறும், விலை இறங்கும். அதனால் உங்கள் பேரிலேயே கைமாற்றிக்கொண்டு போவார்.

சலான் சின்ன விஷயம். விபத்து நடந்தால்தான் வினை. இப்படிக் கைமாறிப் போன ஒரு கார் வழக்கில், ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்டஈடும் அவர் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘நான் அப்போதே விற்றுவிட்டேன்’ என்பது அங்கே எடுபடவில்லை.

மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளில் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், 30 நாளில் வாங்கியவர் தெரிவிக்க வேண்டும். நீங்கள் தாமதம்தான், ஆனாலும் இப்போதே செய்யுங்கள். புரோக்கரைப் பிடித்து வண்டி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். வண்டி வைத்திருப்பவருடைய முகவரிச் சான்று நகல் வாங்குங்கள். விற்ற ரசீதோ பணம் வந்த பேங்க் கணக்கோ வைத்து ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்ட் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். புரோக்கர் போனை எடுக்கவில்லையா? போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.

காட்பாடியிலிருந்து: சார், வாங்குபவர் சித்தூர்க்காரர். அரை மணி தூரம்தானே?

தூரம் அரை மணி, ஆனால் மாநிலம் வேறு. 28ஆம் ஃபாரத்தில் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்க வேண்டும். சலான் பாக்கி, வரி பாக்கி இருந்தால் அது நகராது. வெளி மாநிலத்துக்கு விற்றால் உங்களுக்கு 45 நாள் அவகாசம். ஆந்திர வரியும் புது நம்பரும் அவர் பாடு. விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாதியில் திரும்பி வந்து குறைக்கச் சொல்வார்.

ஆம்பூரிலிருந்து: லோன் கட்டி முடித்துவிட்டேன். ஆர்.சி.யில் பேங்க் பேர் இன்னும் இருக்கிறது.

பேங்கில் என்.ஓ.சி.யும் 35ஆம் ஃபாரமும் வாங்கி எச்.பி.யை (ஆர்.சி.யில் உள்ள பேங்க் கடன் பதிவை) கேன்சல் செய்யுங்கள். அப்புறம் பேர் மாற்றம்.

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா: கணவர் தவறிவிட்டார். கார் அவர் பேரில். மகன் விற்கச் சொல்கிறான்.

அவர் கையெழுத்து போட்டு வைத்த ஃபாரம் இருக்கிறது என்று யாராவது கொடுத்தாலும் தொடாதீர்கள் அம்மா. இறப்பை 30 நாளில் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் 31ஆம் ஃபாரத்தில் உங்கள் பேருக்கு மாற்ற மனு. இறப்புச் சான்று, தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று, பிள்ளைகள் சம்மதம் ஆகியவை வேண்டும். வாரிசுச் சான்றுக்கு இன்றே மனு போடுங்கள், இழுப்பது அதுதான். பிறகு விற்கலாம்.

ஆற்காட்டிலிருந்து: பழைய காரை ஷோரூமிலேயே கொடுத்துப் புதுசு எடுக்கிறேன். அவர்களே பார்த்துக்கொள்வார்களா?

அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால், வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்கும் 29சி ஃபாரம் போட்டு ஒப்புகை வாங்குங்கள். 2023 ஏப்ரலிலிருந்து அந்த விதி இருக்கிறது. அது பதிவில் ஏறிய பிறகு வண்டிக்குப் பொறுப்பு டீலர். வாய்வார்த்தையாக ‘பார்த்துக்கறோம் சார்’ என்றால் நம்பாதீர்கள். நோ கிளெய்ம் போனஸ் (இன்ஷூரன்ஸில் கிளெய்ம் கேட்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடி) உங்களுடையது, வண்டியோடு போகாது. புது கார் பாலிசிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டாகை மூட மறக்காதீர்கள். அவர்கள் பள்ளிகொண்டா டோல் தாண்டினால் உங்கள் கணக்கில் கழியும்.