வேலையை விடாமல் எல்எல்.எம். படிக்க முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, குழந்தைகளுக்கான ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வாரத்தில் பாதி நாள், சிறார் மீதான வழக்குகளை விசாரிக்கும் கெல்லீஸ் இளைஞர் நீதிக் குழுமத்தில்தான் ஓடுகிறது. முதுநிலைப் பட்டம் இருந்தால் நேரடியாக எல்எல்.எம். சேரலாம் என்கிறார்களே? – வாசகி, வியாசர்பாடி

பதில்: சேர முடியாது. சட்டப் பட்டமான எல்எல்.பி. இல்லாதவருக்குச் சட்ட முதுநிலைப் படிப்பான எல்எல்.எம். கிடையாது. உங்களுக்கு உள்ள வழி மூன்றாண்டு எல்எல்.பி. பார் கவுன்சில் விதிப்படி பட்டப்படிப்பில் பொதுப் பிரிவினருக்கு 45, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீத மதிப்பெண் இருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு அஞ்சல் வழியில் வாங்கிய பட்டம் செல்லும். பிளஸ் டூவே இல்லாமல் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய பட்டம் செல்லாது.

வகுப்புகள் காலை 8 முதல் இரவு 7 மணிக்குள் நடக்கும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். பாரிமுனையில் இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது வடசென்னைக்குப் பெரிய அடி. உங்களுக்குப் பட்டரைபெரும்புதூர் பரவாயில்லை: வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறித் திருவள்ளூரில் இறங்கினால் அங்கிருந்து பஸ்.

ஆக எல்எல்.எம். வரை ஐந்து வருஷம். குழுமத்தில் நடப்பது சட்டப்படி புரிந்தால் போதும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி நடத்தும் குழந்தை உரிமைச் சட்ட முதுநிலை டிப்ளமோவை எந்தப் பட்டதாரியும் படிக்கலாம். குழும உறுப்பினராகும் எண்ணம் இருந்தாலும் எல்எல்.எம். தேவையில்லை, குழந்தைகள் நலப் பணியில் ஏழு வருஷ ஈடுபாடு இருந்தால் அதுவே தகுதி.

கேள்வி: எல்எல்.பி. முடித்திருக்கிறேன். பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தொகுப்பூதியத்தில் ஷிப்ட் வேலை. எல்எல்.எம். இரண்டு வருஷமா, ஒரு வருஷமா, ஆன்லைனா? – வாசகி, திருவொற்றியூர்

பதில்: ஆன்லைனை முதலில் கழித்துவிடுங்கள். ஆன்லைன், தொலைதூர, 'எக்ஸிகியூட்டிவ்' எல்எல்.எம்.களில் அனுமதி இல்லாமல் நடப்பவை செல்லாது என்று பார் கவுன்சில் 2025இல் எச்சரித்திருக்கிறது. நாளைக்கு விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்தால் அந்தச் சான்றிதழ் கை கொடுக்காது.

ஒரு வருஷப் படிப்பை யு.ஜி.சி. 2013இல் கொண்டுவந்தது. திருச்சி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் உண்டு. அதற்கான நுழைவுத் தேர்வான கிளாட்டில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆனால் திருச்சியில் தங்கிப் படிக்க வேண்டும், அதாவது வேலையை விட வேண்டும்.

வேலையோடு படிப்பதென்றால் இரண்டு வருஷப் படிப்புதான் உங்களுக்கு ஏற்றது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத் துறை இருக்கிறது. தேரடியில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம். அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் பெருங்குடி வளாகம் என்றால் கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயில். தூரம் அதிகம்தான், ஆனால் குற்றவியல், மனித உரிமை, தொழிலாளர் சட்டம் என்று சிறப்புப் பிரிவுகள் அங்கே நிறைய.

நாள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீத வருகை கேட்கிறார்கள் என்றால் 68 நாள் வகுப்பில் உட்கார வேண்டும். மிச்சம் 22 நாள். இரவு ஷிப்ட் வாங்கிக்கொண்டால் பகலில் படித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. இரவு 2 மணிக்கு மையத்துக்கு வந்த பெண்ணை விடிந்ததும் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கும், பிறகு வாக்குமூலத்துக்காக மாஜிஸ்திரேட்டிடமும் கூட்டிப்போக வேண்டியிருக்கும். இரவில் பேசிய ஊழியர் கூட வந்தால்தான் அவருக்கும் தைரியம். 22 நாளும் கரைவது இப்படித்தான். காலை 8 மணிக்கு அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைப்பது என்பதைச் சேருவதற்கு முன்பே மைய நிர்வாகியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

படிக்க மையம் தரும் தடையின்மைச் சான்றில் உங்கள் பணி நேரமும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். முழுநேரப் பகல் வேலை என்று அனுபவச் சான்றும், அதே தேதிகளில் பகல் வகுப்பு வருகையும் இருந்தால், பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் இரண்டுமே கேள்விக்குள்ளாகும்.

கேள்வி: எல்எல்.எம். மூன்றாம் செமஸ்டர். ஆய்வேட்டுக்கு நான் வேலை பார்க்கும் குழந்தைகள் இல்லத்தின் கேஸ் கோப்புகளையே பெயர் மாற்றிப் பயன்படுத்தலாமா? – வாசகர், ராயபுரம்

பதில்: வேண்டாம். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 பெயரை மட்டும் தடுக்கவில்லை. முகவரி, பள்ளி, அடையாளம் காட்டிக்கொடுக்கும் வேறு எந்த விவரமும் அதில் அடங்கும். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'கொருக்குப்பேட்டை, 14 வயது, அப்பா துறைமுக லாரி டிரைவர், இரண்டு தங்கைகள்' என்று எழுதினால் பெயர் எதற்கு? அந்தத் தெருவே சொல்லிவிடும்.

தலைப்பைக் கோப்பிலிருந்து எடுக்காமல் சட்டத்தின் கெடுவிலிருந்து எடுங்கள். பிரிவு 14இன்படி, குழந்தை முதன்முதலில் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்தில் விசாரணை முடிய வேண்டும். காரணத்தைப் பதிவு செய்து இரண்டு மாதம் நீட்டிக்கலாம். எத்தனை வழக்கு அதைத் தாண்டுகிறது? போக்சோ வழக்கு ஓராண்டில் முடிய வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் பிரிவு 35. இவற்றுக்கு எண்ணிக்கை போதும், குழந்தையின் கதை வேண்டாம்.

எண்ணிக்கைக்குத் தகவல் அறியும் உரிமை (ஆர்டிஐ) மனு. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே பலர் சறுக்குவது கேள்வியின் வடிவத்தில். 'ஏன் தாமதம்?' என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் வேலையில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'இன்ன ஆண்டில், ஒவ்வொரு மாத இறுதியிலும் ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் இருந்த வழக்குகளின் எண்ணிக்கை' என்று கேளுங்கள். பதிவேட்டில் உள்ளதைத் தர மறுப்பது கடினம். முதல் மேல்முறையீடு வரை போனால் இன்னும் ஒன்றரை மாதம் கூட ஆகும், எனவே மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள். 'ஏன்' என்பதை நன்னடத்தை அலுவலர்களிடமும் சட்ட உதவி வழக்கறிஞர்களிடமும் ஒப்புதல் வாங்கி, நேர்காணலில் கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: எல்எல்.எம். முடித்ததும், தொண்டு நிறுவன வேலையில் இருந்துகொண்டே கோர்ட்டில் ஆஜராகலாமா? – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: முழுநேரச் சம்பள வேலையில் இருந்தால் கூடாது, பார் கவுன்சில் விதி 49 தடுக்கிறது. ஏற்கெனவே வழக்கறிஞராகப் பதிவு செய்திருந்தால் வேலையில் சேர்ந்ததைத் தெரிவித்துப் பதிவை நிறுத்திவைக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் நாளுக்கு மூன்று மணி நேரம் வரை பாடம் நடத்துவதற்கு விலக்கு உண்டு. இன்னும் பதிவே செய்யவில்லை என்றால் அவசரப்பட வேண்டாம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய்தான். வேலையை விடும்போது கட்டிக்கொள்ளலாம்.