வேப்பமரத்தடி வட்டங்கள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்கு வயது நாற்பத்து மூன்று. பாளையங்கோட்டையில் வீடு, திருநெல்வேலி சந்திப்பில் வேலை. ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வசூல் பிரிவில் இருக்கிறேன். மாதம் பிறந்தால் ஓர் இலக்கு, முடிந்தால் அடுத்த இலக்கு. சொந்த ஊர் சேரன்மகாதேவி. சிறுவயதில் கோடை விடுமுறை முழுவதும் தாமிரபரணி ஆற்றில்தான் கிடப்போம். படித்துறையில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மீன் வந்து கடிக்கிறதா என்று மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அதே ஆற்றை இப்போது சுலோச்சன முதலியார் பாலத்தின் மேல் தினமும் இரண்டு முறை கடக்கிறேன். ஆற்றில் இன்று தண்ணீர் எவ்வளவு என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது.

சும்மா இருந்துவிடவில்லை. பறவை பார்க்கலாம் என்று பைனாகுலர் வாங்கினேன். இரண்டு வாரம் ஓடியது. இப்போது பீரோவின் மேல் இருக்கிறது. காலை நடையில் ஊக்கப் பேச்சுகள் கேட்கிறேன். கேட்கும்வரை முறுக்கேறும், அலுவலகப் படி ஏறுவதற்குள் வடிந்துவிடும். போன வாரம் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், "மர நிழலில் வெளிச்சம் ஏன் அப்பா வட்ட வட்டமாக விழுகிறது? இலைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கு வட்டமாக இல்லையே" என்று கேட்டாள். "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்று சொல்லிவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. அந்த வயதில் நானும் இப்படிக் கேட்டவன்தானே? அந்த ஆர்வம் எங்கே போனது? திரும்ப வர வழி உண்டா? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், பாளையங்கோட்டை

*

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கேள்வியைவிட அது நல்ல கேள்வி.

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். அன்று கங்கண சூரிய கிரகணம், அதாவது நிலா நடுவை மறைக்க, சூரியன் வளையமாகத் தெரியும் கிரகணம். கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று தென்கோடி முழுக்கத் தெரிந்தது. திருநெல்வேலியும் அந்தப் பாதைக்குள் இருந்தது. எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. இரண்டு வருடங்களாக ஒரு வரி எழுதியிருக்கவில்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் புகார்கள் அனைத்தும் எனக்கும் இருந்தன, பைனாகுலர் ஒன்றைத் தவிர. கிரகணம் விடும்வரை வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பசியோடு பட்டாசலில் படுத்துக்கிடந்தேன். பக்கத்து வளவுப் பையன் ஒருவன் ஓடிவந்து, "மாமா, வந்து தரையைப் பாருங்கள்" என்றான். வானத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால் எழுந்திருக்க மாட்டேன். தரையில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் போனேன்.

முற்றத்து வேப்பமரத்தடி முழுவதும் வளையல்கள். வெளிச்சத்தால் செய்த வளையல்கள். நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. காற்றடித்தால் அத்தனையும் சேர்ந்து அசைந்தன. முந்தின நாள் போட்ட பொங்கல் கோலத்தின் மேலும், கழுவிக் கவிழ்த்த பானையின் முதுகிலும், பையனின் புதுச் சட்டையிலும் வளையல்கள். உள்ளங்கையை நீட்டினேன். மூன்று விழுந்தன. கங்கணம் என்று அந்தக் கிரகணத்துக்குப் பெயர் வைத்தவர் வானத்தைப் பார்த்து வைத்தாரா, மரத்தடியைப் பார்த்து வைத்தாரா என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம்.

சாயங்காலம், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் நண்பருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. இலைகளுக்கு நடுவே இருக்கும் ஒவ்வோர் இடுக்கும் ஓர் ஊசித்துளைக் கேமரா, லென்ஸ் இல்லாமல் சிறு துளை வழியே படம் விழவைப்பது. இடுக்கு சிறியதாகவும் தரை போதிய தூரத்திலும் இருந்தால், கீழே விழும் வெளிச்சத்துக்கு இடுக்கின் வடிவம் இருக்காது, சூரியனின் வடிவம் இருக்கும். சூரியன் வளையமாக நின்றால் வளையம் விழும் என்றார். "மற்ற நாட்களில் என்ன விழும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

மற்ற நாட்களில் வட்டம் விழும். அதாவது, அந்த வட்டம் ஒவ்வொன்றும் சூரியனின் படம். இதே வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டு நாற்பது வருடங்களாக மத்தியானத் தூக்கம் தூங்கியவன் நான். தினமும் என் வேட்டியில் சூரியன் படம் படமாக விழுந்திருக்கிறது. உங்கள் மகள் பன்னிரண்டு வயதில் கேட்டதை நான் நாற்பத்தாறு வயதுவரை கேட்கவில்லை.

இங்கே உங்களோடு ஒரு சண்டை இருக்கிறது. சிறுவயதில் எல்லாம் வியப்பாக இருந்தது, வளர்ந்ததும் தொலைந்துபோனது என்று எனக்குப் பலரும் எழுதுகிறார்கள். நான் நம்புவதில்லை. சிறுவனாக நானும் அந்த வட்டங்களைப் பார்த்திருப்பேன், மிதித்து விளையாடியிருப்பேன், இரண்டு நிமிடத்தில் சலித்துப்போய் ஓணானை விரட்டப் போயிருப்பேன். நீங்கள் படித்துறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது வியப்பினால் என்று இப்போது தோன்றுகிறது. வேறு வேலை இல்லை என்பதும் ஒரு காரணம், தம்பி. பள்ளிக்கூடம் கிடையாது, சோறு ஆச்சி போடுவார், வசூல் இலக்கு கிடையாது. அவ்வளவு நேரம் காலைக் கடித்த அந்த மீனின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சிறுபிள்ளைக்கு வியப்பு இனாமாகக் கிடைக்கிறது, அதனால் வந்த வேகத்தில் போய்விடுகிறது. வளர்ந்தவன் அதற்கு முதல் போட வேண்டும். நீங்கள் வட்டிக் கணக்குத் தெரிந்தவர், உங்களுக்குப் புரியும். ஏதாவது ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துவைத்திருந்தால்தான் அடுத்த முறை பார்க்கும்போது கண் நிற்கும். தெரிந்துகொண்டால் மர்மம் போய்விடும் என்று சொல்பவர்கள் எதையும் உருப்படியாகத் தெரிந்துகொண்டவர்கள் அல்லர்.

நீங்கள் கடக்கும் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1843இல் திறந்தது. கலெக்டர் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியது. மனைவியின் நகைகளையும் போட்டார் என்று ஊரில் சொல்வார்கள். ஓர் அலுவலக ஊழியர் தாமிரபரணிக்குக் குறுக்கே சொந்தச் செலவில் பாலம் கட்டியிருக்கிறார். நாம் வீட்டு வாசல் சாக்கடைக்கு ஒரு பலகை போடுவதற்கே மாநகராட்சிக்கு மனு எழுதுகிறோம். அதே பாலத்துக்கு மேற்கே, கொஞ்ச தூரத்தில், ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது குறுக்குத்துறை முருகன் கோயில். வெள்ளம் வரப்போகிறது என்றால் உற்சவரையும் உண்டியலையும் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். 2023 டிசம்பர் வெள்ளத்திலும் முங்கியது, வடிந்தபின் நின்றது. தண்ணீர் வந்து மோதும் மேற்குப் பக்கத்தைப் படகின் முகப்புப் போலக் கூராக அமைத்திருக்கிறார்கள், அதனால் வெள்ளம் இரண்டாகப் பிளந்து போகிறது. இது தெரிந்த பிறகு அந்தக் கோயிலைச் சும்மா பார்த்துவிட்டுப் போக என்னால் முடிவதில்லை. ஆனால் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் பார்க்காதீர்கள், பின்னால் வருகிறவர் உங்கள் பரம்பரையை விசாரிப்பார்.

பைனாகுலரைப் பற்றி ஒரு வார்த்தை. அதை நீங்கள் உற்சாகத்தில் வாங்கினீர்கள். உற்சாகம் தீர்ந்ததும் அது பீரோவின் மேல் ஏறிவிட்டது. ஊக்கம் வந்தால் வேலை செய்யலாம் என்று காத்திருப்பதில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இல்லை. இதைப் பத்தமடையில் ஒரு பாய் நெய்யும் வீட்டில் கற்றுக்கொண்டேன். உங்கள் ஊருக்குப் பக்கம்தான். நீங்கள் ஆயிரம் முறை பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். ஆற்றோரத்துக் கோரையை அறுத்துக் காயவைத்து, கிழித்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த பிறகுதான் பாய்க்கு எடுப்பார்கள். நான் போனபோது ஒரு பெரியம்மா கோரை கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு கோரையின் நுனியில் கத்தியை வைத்துக் கீறுவார், கட்டைவிரல் நகத்தால் பிளவைத் தள்ளிக்கொண்டே போவார், இரண்டாகும். அதை மறுபடி கீறுவார். கடைசியில் கையில் இருந்தது தலைமயிர் போல இருந்தது. வெயிலில் பிடித்தால்தான் எனக்குக் கண்ணுக்கே தெரிந்தது. அப்படிப்பட்ட இழைகளால் நெய்த நயமான பாயைப் பட்டுத்துணி போல மடித்துவிடலாம். ஒரு பாய் முடியப் பல வாரங்கள் ஆகும்.

"சலிக்காதா அம்மா?" என்று கேட்டேன். ஏதோ தத்துவம் வரப்போகிறது என்று நோட்டைக்கூட எடுத்துவிட்டேன். "சலிக்காமல்? சலித்தால் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வருவேன்" என்றார், கத்தியிலிருந்து கண்ணை எடுக்காமல். நோட்டை உள்ளே வைத்தேன். எழுந்து போவது மட்டும் இல்லை, திரும்பி வருவதும் அந்தப் பதிலில் இருந்தது என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

ஆகவே, பறவைக்கும் அப்படி ஒரு திரும்பி வரும் இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் குளங்களில் பத்து வருடங்களுக்கும் மேலாகத் தை மாதம் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், கடைக்காரர்கள் என்று தன்னார்வலர்களாக யார் வேண்டுமானாலும் வருகிறார்கள். நான் முதல் முறை போன அன்று டவுன் நயினார்குளக் கரையில் காலை ஆறு மணிக்குக் குளிரில் நின்றேன். நாமக்கோழிகளை எண்ணச் சொன்னார்கள். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளையாக நாமம், எண்ணுவதற்கு எளிது என்று நினைத்தேன். நாற்பது வரை வருவேன், அதற்குள் பத்து முங்கிவிடும், வேறு எட்டு வேறு இடத்தில் எழும்பும். என் கணக்கு 112. பக்கத்தில் நின்ற பத்தாம் வகுப்புப் பெண் 163 என்றாள். அவள் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டார்கள், நியாயமாக.

எண்ணத் தொடங்கினால் பெயர் வேண்டியிருக்கிறது. பெயர் தெரிந்தால் ஊர் கேட்கத் தோன்றுகிறது. அந்த வழியில்தான் நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போனேன். சரணாலயமாக அறிவித்தது 1994இல். ஊர்க்காரர்கள் அதற்கு மிகவும் முந்தியே, வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருப்பவர்கள். எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப்போடுவார்கள். கூழைக்கடாவும் நாரையும் அங்கே கூட்டமாக இருக்கும், அவற்றை யாரும் உங்களுக்குக் காட்ட வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறொன்று. குளத்தை ஒட்டிய புல்வெளியில் சாம்பல் நிற வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. பார்க்க வீட்டு வாத்து போலத்தான் இருந்தன. திரும்பியபோது பின்தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்தன. வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரிக்கும் இனம். குளிருக்கு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7000 மீட்டருக்கு மேலும் பறப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் நமக்கு நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். அதன் இரத்தம் மற்ற வாத்துகளின் இரத்தத்தைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்வதும் அதற்கு ஒரு காரணம். அவ்வளவு தூரம் வந்தது, நாங்குநேரித் தாலுகாவில் ஓர் எருமைக்குப் பக்கத்தில் நின்று புல் தின்றுகொண்டிருந்தது. எருமை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நானும் அதுவரை எருமைதான்.

இன்னொன்று, சுருக்கமாக. ஆறு மாதமாக எதிலுமே மனம் ஒட்டவில்லை, சாப்பாடு ருசிக்கவில்லை, விடியற்காலை விழிப்புத் தட்டிவிடுகிறது என்றெல்லாம் இருந்தால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அது வேறு விஷயம், அதற்குப் பாலமும் வாத்தும் மருந்து இல்லை. உங்கள் கடிதத்தில் எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு கேள்விக்காகத் தூக்கம் கெட்டவருக்கு மனம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

இனி மகளுக்கு. இப்போது ஐப்பசி மழை, வெயில் நிலையாக இராது. தை பிறக்கட்டும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியின் மேல் காகிதம் ஒட்டி, நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு துளை விடுங்கள். அதை வெயிலில் ஒரு முக்காலியில் அசையாமல் சாய்த்துவைத்து, வெளிச்சத்தை வாசல் வழியே இருட்டறைச் சுவருக்கு அனுப்புங்கள். சூரியனையோ கண்ணாடிக்குள் தெரியும் சூரியனையோ நேராகப் பார்க்க வேண்டாம், சுவரை மட்டும் பாருங்கள். மரத்தடி வட்டமேதான், பெரிதாக விழும். பென்சிலால் அதைச் சுற்றி ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் வட்டம் தன் அகலத்தின் அளவு நகர்ந்து கோட்டை விட்டு வெளியே போய்விடும். கண்ணாடியை யாரும் தொட்டிருக்க மாட்டீர்கள். நகர்ந்தது பூமி.

பிறகு வட்டத்தின் குறுக்களவையும் கண்ணாடிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டர் தூரம் என்றால் வட்டம் 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். துளையின் அகலத்தைக் கழித்துவிடுங்கள். குறுக்களவைத் தூரத்தால் வகுத்து 15 கோடி கிலோமீட்டரால் பெருக்கினால் சூரியனின் விட்டம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள அந்த 15 கோடியை மட்டும் நம்பிக்கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், மற்றதெல்லாம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நான் செய்தபோது 14 லட்சத்து 25 ஆயிரம் கிலோமீட்டர் வந்தது. சரியான விடை 13 லட்சத்து 92 ஆயிரத்தை ஒட்டியது. எங்கள் வீட்டுச் சுவரில் பூச்சு சரியில்லை.

மகளிடம் அன்றைக்குச் சொன்னதற்கு வருத்தம் தெரிவித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அளவு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லுங்கள். அவளுக்கு என்ன விடை வந்தது என்பதை அவள் கையெழுத்திலேயே அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணாச்சி