முதல் காட்சியில் பிணம் எதற்கு?

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

த்ரில்லர் படங்களை விடாமல் பார்ப்பவன் நான். அண்மைக்காலமாக ஒரே மாதிரியான தொடக்கத்தையே திரும்பத் திரும்பக் காண்கிறேன். மழை இரவு, ஓடும் கால்கள், ஓர் அலறல், ஒரு கொலை. திரை இருள்கிறது. 'ஆறு மாதங்களுக்கு முன்பு' என்று எழுத்து வருகிறது. அந்த இடத்திலேயே என் கவனம் கலைந்துவிடுகிறது. ஆனால் முதல் ஐந்து நிமிடத்தில் ரசிகனைப் பிடித்தாக வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் ஒரு குறும்படத்துக்கு எட்டுப் பக்கத் திரைக்கதை எழுதி, அதையும் கொலையில்தான் தொடங்கியிருக்கிறேன். இத்துடன் இணைத்துள்ளேன். வேறு எப்படித் தொடங்குவது?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

திரைக்கதையை இரண்டு முறை படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த 'ஆறு மாதங்களுக்கு முன்பு'. அங்கே கவனம் கலைவது உங்கள் குறை அல்ல. செத்தவர் யாரென்று நமக்குத் தெரியாது, கொன்றவரையும் தெரியாது. முன்பின் அறியாத ஒருவரின் மரணம் நம்மைத் திடுக்கிட வைக்கும். திடுக்கிடல் சில நொடிகளில் அடங்கிவிடும். பிறகு கதை முதலிலிருந்து கிளம்பும்போது நாம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறோம். ஏதாவது ஒன்றை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் காத்திருக்கச் சொல்ல முடியும். த்ரில்லர் ஒப்படைக்கக்கூடியது ஒரு செய்தி: திரையில் இருப்பவர் அறியாதது, நாம் அறிந்தது.

ஆர்சன் வெல்ஸ் இயக்கிய 'டச் ஆஃப் ஈவில்' (1958) படத்தின் முதல் ஷாட் மூன்று நிமிடங்களுக்குச் சற்று மேல், நடுவில் ஒரு வெட்டும் இல்லாமல் ஓடுகிறது. இரு கைகள் ஒரு வெடிகுண்டில் நேரத்தைத் திருகி வைக்கின்றன. குண்டு ஒரு காரின் டிக்கிக்குள் போகிறது. ஓர் ஆணும் பெண்ணும் வந்து ஏறிக் காரைக் கிளப்புகிறார்கள். கேமரா கிரேனில் எழுந்து கட்டடங்களுக்கு மேலாகப் போய், எல்லையோர ஊரின் தெருவில் அந்தக் காரைப் பின்தொடர்கிறது. போக்குவரத்துக் காவலர் காரை நிறுத்துகிறார். ஆடுகள் குறுக்கே வருகின்றன. புதிதாக மணமான ஒரு ஜோடி நடந்து வர, கேமரா அவர்களோடு நகர்ந்துவிடுகிறது. கார் கண்ணிலிருந்து மறைகிறது, பிறகு அவர்கள் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. சோதனைச் சாவடியில் காருக்குள் இருக்கும் பெண், தன் தலைக்குள் டிக்டிக் என்று சத்தம் கேட்பதாகச் சொல்கிறாள். யாரும் காதில் வாங்கவில்லை.

இதில் எது வேகம்? ஒரு கார் ஊர்கிறது, ஒரு ஜோடி உலாவுகிறது, அவ்வளவுதான். ஆனால் கடிகாரம் நம்மிடம் இருக்கிறது. அதனால் ஆடுகள் குறுக்கே வருவதுகூடத் தாங்க முடியாததாகிறது.

படம் வெளியானபோது தயாரிப்பு நிறுவனம் இந்த ஷாட்டின் மேல் டைட்டில் எழுத்துகளை ஓடவிட்டுப் பின்னணி இசையும் சேர்த்திருந்தது. படத்தில் செய்த மாற்றங்களைப் பற்றி வெல்ஸ் 58 பக்கக் குறிப்பு எழுதினார். அதை வைத்துப் படத்தொகுப்பாளர் வால்ட்டர் மர்ச் மறுபடி தொகுத்த வடிவம் 1998-இல் வந்தது. அதில் அந்த எழுத்துகள் இல்லை, அந்த இசையும் இல்லை. தெருவோர விடுதிகளிலிருந்தும் கார் ரேடியோவிலிருந்தும் கசிகிற பாட்டுகள்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். எழுத்துகள் இருக்கும்போது கண் வாசிக்கப் போய்விடுகிறது. அவை நீங்கியதும் அதே கண் காரைத் தேடுகிறது. பார்வையாளருக்கு ஒரு வேலையைக் கொடுத்தபின் அதைச் செய்யவிடாமல் தடுக்கக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு பாடம் எனக்குத் தெரியாது.

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய சுறாப் படமான 'ஜாஸ்' (1975) வேறு வழியில் போகிறது. இரவில் ஒரு பெண் கடலில் நீந்துகிறாள். கேமரா நீருக்கடியிலிருந்து அவளை அண்ணாந்து பார்க்கிறது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் அந்த இரு சுரங்கள் தொடங்குகின்றன. அவள் இழுபடுவதைப் பார்க்கிறோம், இழுப்பதைப் பார்க்கவில்லை. இந்தச் சில நிமிடங்களில் ஸ்பீல்பெர்க் நமக்கு ஒரு மொழியைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்: இந்த இசை வந்தால் சுறா வருகிறது. பிறகு இரண்டு சிறுவர்கள் போலிச் சுறாத் துடுப்பை வைத்துக் கடற்கரையையே கலங்கடிக்கும் காட்சியில் அந்த இசை ஒலிப்பதில்லை. கூட்டம் ஏமாறும்போதும் இசை பொய் சொல்வதில்லை. இந்த நாணயத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பிற்பாதியில் இசையே இல்லாமல் சுறா நீருக்கு மேல் தலைதூக்கும்போது நாம் அதிர்வது, தொடக்கத்தில் கற்ற விதி அங்கே முறிவதால்தான். முதல் காட்சியில் விதைத்ததை ஒரு மணி நேரம் கழித்து அறுவடை செய்கிறார்கள். நீங்கள் குறிப்பிட்ட மழை இரவுக் கொலைகளில் பல, அந்த ஐந்து நிமிடத்தோடு செலவழிந்து போகின்றன.

அதற்காகக் கொலையில் தொடங்கவே கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' (1954) துப்பாக்கிச் சத்தத்தோடுதான் தொடங்குகிறது. சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறது. பாடலே இல்லாத அந்தப் படம் முழுவதும், செத்தவன் எப்படிப்பட்டவன் என்று ஒவ்வொருவராகச் சொல்லக் கேட்கிறோம். அந்தப் பிணத்தை எடுத்துவிட்டால் படமே இல்லை. உங்கள் முதல் காட்சிக்கும் இதே சோதனையை வையுங்கள்: அதை வெட்டிவிட்டால் மிச்சக் கதை தடுமாறுகிறதா?

உங்கள் திரைக்கதை தடுமாறவில்லை. முதல் பக்கத்தை எடுத்துவிட்டுப் படித்தேன், எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால் நான்காம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேலை முடிந்து வரும் அந்த மனிதர் கதவைத் திறக்கும்போது சாவி ஒரே சுற்றில் திறந்துவிடுகிறது. காலையில் இரண்டு சுற்றுப் பூட்டியது அவருக்கு நினைவு வருகிறது. இதை ஒரு வரியில், அதுவும் அவர் தனக்குத்தானே பேசும் வசனமாக எழுதிக் கடந்துவிட்டீர்கள். உங்கள் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது, ஆர்.

காலையில் அவர் பூட்டுவதைக் கிட்டத்தில் காட்டுங்கள். சாவி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அந்த இரண்டு 'டக்' ஒலிகளும் தெளிவாகக் கேட்கட்டும், இசை வேண்டாம். உடனே மாலை, அதே பூட்டு, அதே கோணம். ஒரு 'டக்'. கதவு திறந்துகொள்கிறது. அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டே வருவதால் கவனிக்கவில்லை. அந்த வசனத்தை அடித்துவிடுங்கள். அவர் உள்ளே போய் விளக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றட்டும்.

அன்புடன்.