ஜப்பானியர் வேலைநிறுத்தம் செய்யாதவர்களா?

அன்புள்ள ஐயா,

அணுகுண்டு விழுந்த ஜப்பான் இருபதே ஆண்டில் எழுந்து நின்றதற்குக் காரணம் ஒழுக்கமும் கீழ்ப்படிதலும்தான் என்று நினைக்கிறேன். அங்கே தொழிலாளிக்குக் கோபம் வந்தால் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு கூடுதலாக உழைப்பான், செருப்புத் தொழிற்சாலையில் ஒரு காலுக்கு மட்டும் செய்து குவிப்பான் என்று பட்டிமன்றங்களில் கேட்டிருக்கிறோம். இங்கே எதற்கெடுத்தாலும் கொடி பிடிக்கிறோம். உரிமை பேசுகிற நாடு முன்னேறுமா? அடுத்த மாதம் மாணவர்களிடம் இதுபற்றிப் பேச இருக்கிறேன். தங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

க., ஈரோடு

அன்புள்ள க.,

செருப்புக் கதையை நானும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு என்று ஒருவரும் சொன்னதில்லை. தயவுசெய்து மாணவர்களிடம் அதைச் சொல்லாதீர்கள். போருக்குப் பிந்தைய ஜப்பானை உருவாக்கியதில் வேலைநிறுத்தங்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

1945 ஆகஸ்டில் தோற்றார்கள். டிசம்பரில் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் சங்கங்களில் சேர்ந்துவிட்டார்கள். 1945 டிசம்பரிலேயே டோக்கியோவின் கேய்சே ரயில் நிறுவனத்தில் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ரயிலை நிறுத்தவில்லை, ஓட்டினார்கள், பயணிகளிடம் காசு வாங்கவில்லை. அப்புறம் நிர்வாகத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள். வடக்குத் தீவான ஹொக்கைடோவின் பிபாய் சுரங்கத்திலும் இப்படித் தொழிலாளர்களே பொறுப்பேற்றார்கள். நிலக்கரி உற்பத்தி கூடியது. கோபம் வந்தால் அதிகம் உழைப்பார்கள் என்ற கதைக்குக் கிட்டத்தில் வரும் நிஜம் இதுதான். முதலாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு உழைத்த உழைப்பு அது.

ஒழுக்கம் என்கிறீர்கள். யமகுச்சி யோஷிதாதா என்று டோக்கியோவில் ஒரு நீதிபதி. கள்ளச்சந்தை வழக்குகளை விசாரிப்பது அவர் வேலை. கள்ளச்சந்தை அரிசியைத் தானே எப்படிச் சாப்பிடுவது என்று ரேஷனோடு நிறுத்திக்கொண்டார். அதிலும் பெரும்பங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டார். 1947 அக்டோபரில் பட்டினியில் இறந்தார். வயது 33. மற்றவர்கள் பட்டுக் கிமோனோவை ஒவ்வொன்றாக விற்று, கள்ளச்சந்தையில் அரிசியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வாங்கித்தான் உயிர் பிழைத்தார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1946 மே மாதம் அரண்மனை முன்னால் இரண்டரை லட்சம் பேர் கூடிச் சோறு கேட்டார்கள். பேரரசரைத் தெய்வமென்று பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள்தான் அவர்கள்.

உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1930களிலும் அதே மக்கள் அதே உழைப்பைத்தான் உழைத்தார்கள். விளைந்ததில் பாதியளவு குத்தகையாகப் போனது. 1934இல் வடகிழக்கில் உள்ள தோஹொகு பகுதியில் விளைச்சல் பொய்த்தபோது பெற்ற பெண்களை விற்ற குடும்பங்கள் உண்டு. உழைப்பு மாறவில்லை, அதன் பலன் போய்ச் சேரும் இடம்தான் பிறகு மாறியது. உங்கள் பேச்சில் நேரம் இருந்தால் இந்த இடத்தில் நின்று பேசுங்கள்.

1946 அக்டோபர் நிலச் சட்டப்படி, வெளியூரில் இருந்த நிலவுடைமையாளரின் குத்தகை நிலம் முழுவதையும் அரசு வாங்கியது. உள்ளூர்க்காரர் சுமார் ஒரு ஹெக்டேர்வரை குத்தகைக்கு விடலாம், ஹொக்கைடோவில் நான்கு. மிச்சம் உழுதவனுக்கே விற்கப்பட்டது. நிர்ணயித்த விலை அப்படியே நிற்க, பணவீக்கம் எகிறியதில் அந்தத் தொகை அற்பமாகிவிட்டது. முடிவெடுத்தது ஊர்தோறும் தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேர் குழு: குத்தகைதாரர் ஐவர், நிலவுடைமையாளர் மூவர், சொந்த நிலத்தில் பயிரிடுவோர் இருவர். நேற்றுவரை கைகட்டி நின்றவன், அந்த நிலவுடைமையாளருக்கு எதிரே உட்கார்ந்து எந்த வயல் யாருக்கு என்று பேசினான். விளைநிலத்தில் 46 சதவீதமாக இருந்த குத்தகை நிலம் சில ஆண்டுகளில் 10 சதவீதத்துக்கு இறங்கியது. இதை வகுத்ததில் முக்கியமானவர், தோற்ற ஜப்பானை நிர்வகித்த அமெரிக்கர்களின் நிலச் சீர்திருத்த நிபுணர் வுல்ஃப் லடஜின்ஸ்கி. 1960களில் அவரே நம் திட்டக் குழுவுக்காகத் தஞ்சாவூர் குத்தகை நிலவரத்தையும் ஆராய்ந்தார். சட்டம் இருந்தும் வாய்மொழிக் குத்தகைதான் அங்கே நடந்துகொண்டிருந்தது.

எல்லாம் சீர்திருத்தத்தால் மட்டும் நடந்ததென்று சொன்னால் அதுவும் பொய். 1947 பிப்ரவரி பொது வேலைநிறுத்தத்தை, அந்த அமெரிக்க நிர்வாகத்தின் தலைவரான ஜெனரல் மெக்ஆர்தரே தடை செய்தார். 1949இல் அமெரிக்க வங்கியாளர் ஜோசப் டாட்ஜ் போட்ட சிக்கனத் திட்டத்தில் ஏராளமானோருக்கு வேலை போனது. 1950இல் டொயோட்டா திவாலின் விளிம்பில் இருந்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கடைசியில் நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அந்த ஆண்டு ஜூன் மாதம் கொரியப் போர் மூண்டது, அமெரிக்க ராணுவம் லாரிக்கு ஆர்டர் கொடுத்தது. பக்கத்து நாட்டின் பிணக்காட்டில் வந்த பணம் அது. ஜப்பானின் வெற்றிக் கதையில் இந்தப் பகுதியை விட்டுவிடுவது கொரியர்களுக்குச் செய்யும் அநியாயம்.

1960இல் தெற்குத் தீவான க்யூஷுவின் மீகே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்து மாதக்கணக்கில் போராட்டம். ஒரு தொழிலாளி குத்திக் கொல்லப்பட்டார். சங்கம் தோற்றது. அந்த ஆண்டு ஜூனில் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தை லட்சக்கணக்கானோர் சூழ்ந்தார்கள். பிரதமர் கிஷி அடுத்த மாதம் பதவி விலகினார். அடுத்து வந்த இகெடா, பத்தாண்டில் நாட்டின் வருமானத்தை இரட்டிப்பாக்குவோம் என்ற திட்டத்தை அந்த ஆண்டு டிசம்பரில் கொண்டுவந்தார். தெருவில் நின்ற கோபத்தைச் சம்பளத்தால்தான் தணிக்க முடியும் என்று அவர் புரிந்துகொண்டார் என்றே நான் நினைக்கிறேன். சுமார் ஏழே ஆண்டில் அந்த இலக்கை எட்டினார்கள்.

அன்புடன்