நான் வரைந்த படங்களைப் பப்ளிக் டொமைனில் (யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி பொதுவில்) விட்டால் எனக்கு என்ன கிடைக்கும்? இலவசமாகக் கொடுப்பது ஏமாளித்தனம் இல்லையா?

உங்கள் படத்தை யாரோ கேட்காமல் எடுத்துப் போட்டுவிட்டார்கள், அந்தக் கடுப்பில்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னியுங்கள். என் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

சேலத்தில் பதினாறு வருடமாக டிசைனிங் செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பிளெக்ஸ், ஜவுளிக்கடைப் பை, கொலுசுப் பட்டறைக்கு விசிட்டிங் கார்டு என்று எது வந்தாலும் சரி. அக்காவை ஏற்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாமா எஸ்டேட்டில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை மேலே போனால் எனக்கு வேலை ஒன்றும் இருக்காது, திண்ணையில் உட்கார்ந்து கண்ணில் பட்டதை வரைவேன். பழுத்த காபிக் கொத்து, சில்வர் ஓக் மரத்தில் ஏறின மிளகுக்கொடி, தோட்டத்துக்குள் வந்து நின்று முறைக்கும் காட்டெருமை, கோடையில் ஒரு நல்ல மழை பெய்ததும் செடி முழுக்க வெள்ளையாகப் பூத்து மல்லிகை மாதிரி மணக்கிற காபிப் பூ. நாற்பது படம் போலச் சேர்ந்தது. ஆசையாக ஃபேஸ்புக்கில் போட்டு வைத்தேன்.

2018இல் ஒருநாள் மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவு ஒன்றில், ஏதோ ஒரு தங்கும் விடுதியின் பிளெக்ஸில் என் காட்டெருமை நிற்கிறது. என்னுடையதுதான் என்று எப்படித் தெரியும்? இடது கொம்பைக் கோணலாக வரைந்து, திருத்தாமல் விட்டிருந்தேன். அந்தக் கோணல் அப்படியே இருந்தது.

அதை அடித்துக் கொடுத்த கடைக்கே போய்விட்டேன். கடைக்காரர், "நெட்ல கிடந்துச்சு தம்பி, எடுத்தேன். உன் பேரு எழுதியா இருக்கு?" என்றார். இரண்டு மாதம் சண்டை. வக்கீலிடம் கேட்டால் அவர் சொன்ன பீஸில் நாற்பது காட்டெருமை வரையலாம். இதில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு என் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துருக்களில் பாதி நான் காசு கொடுத்து வாங்கியது இல்லை.

விக்கிப்பீடியாவில் எழுதுகிற நண்பர் ஒருவர்தான், "நீ எப்படியும் காவல் காக்கப் போறதில்ல, நல்ல ஃபைலா பேரோட ஒரு இடத்துல வச்சிடேன்" என்றார். 2019இல் முப்பத்தெட்டுப் படங்களை சிசி ஜீரோ என்று அறிவித்து, விக்கிப்பீடியாவுக்குப் படக் கிடங்கு மாதிரி இருக்கிற விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2009இல் கொண்டுவந்த அறிவிப்பு அது. யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், பெயர் போட வேண்டிய கட்டாயம்கூட இல்லை. ஆனால் படம் இருக்கும் பக்கத்தில் வரைந்தவர் பெயர் இருக்கும். எனக்கு வேலை வாங்கித் தந்தது அந்த ஒரு வரிதான்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் சிக்மகளூரில் காபித்தூள் பாக்கெட் போடுகிற ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. என் காபிக் கொத்தை ஏற்கெனவே ஒரு பாக்கெட்டில் போட்டுவிட்டாராம். அதே கையில் இன்னும் ஐந்து பாக்கெட்டுக்குப் படம் வேண்டும் என்றார். பதினெட்டாயிரம் ரூபாய். திண்ணையில் சும்மா வரைந்த படம் போய் ஆர்டர் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்து ஏற்காட்டிலேயே ஒரு ஹோம்ஸ்டேயில் அறைப் பெயர்ப் பலகைகள், மெனு கார்டு. மூன்று வருடத்தில் இந்த வழியாக வந்தது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இதை வைத்து வீடு கட்டவில்லை, ஒரு நல்ல பிரிண்டர் வாங்கினேன். எடுத்தவர்களில் பெரும்பாலானோர் நன்றிகூடச் சொல்லவில்லை, அதையும் மறைக்கவில்லை.

'பணக்காரர்கள் செய்யலாம், வயிற்றுப்பாட்டுக்காரன் செய்யலாமா' என்று யாராவது வருவார்கள். நானும் வயிற்றுப்பாட்டுக்காரன்தான். எல்லாவற்றையும் விடச் சொல்லவில்லை. இப்போது காசு தருவதை வைத்துக்கொள்ளுங்கள், தூங்குகிறதை விடுங்கள். 'பப்ளிக் டொமைனைப் பொதுவுடைமை என்கிறார்களே, அது கம்யூனிசமா' என்றும் கேட்பார்கள். இல்லை. நாட்டுடைமையும் இல்லை. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949இல் அரசு வாங்கியது, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. நாமாக விட்டால் அரசிடமிருந்து ஒரு பைசா வராது, அந்த நினைப்பில் இறங்காதீர்கள்.

சட்டம் தெரிந்துகொண்டு செய்யுங்கள். சும்மா இருந்தால் நம் பதிப்புரிமை நாம் செத்தும் 60 வருடம் இருக்கும். (பதிப்புரிமை என்றால் காப்பிரைட். காப்புரிமை என்று எழுதினால், அது பேடன்ட் என்று திருத்த ஒருவர் வருவார்.) அதை முன்கூட்டியே விட்டுக்கொடுக்க 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு இடம் தருகிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பு மூலமாகவும் விடலாம். சிசி ஜீரோ போட்டபின் திரும்பப் பெற முடியாது. நாளைக்கே பெரிய கம்பெனி உங்கள் படத்தை டி-ஷர்ட்டில் போட்டு விற்றாலும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். முக்கியமாக, அடுத்தவர் காசு கொடுத்துக் கேட்டு வரைந்த ஓவியத்தையோ எடுத்த போட்டோவையோ நீங்களாக விடக்கூடாது. வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் 17ஆவது பிரிவுப்படி அதன் முதல் உரிமை காசு கொடுத்தவருக்கு. நாற்பதில் இரண்டை நான் விடாததற்கு அதுதான் காரணம்.

இலவசம் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். உண்மையில் நான் ஏமாளி ஆவது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில். இரவு பதினொன்றரைக்குப் போன் வரும். வாட்ஸ்அப்பில் கல்யாண குரூப் போட்டோ வரும், அதில் இறந்தவர் முகம் கட்டைவிரல் நகம் அளவு இருக்கும். "கோட் போட்டு விட்டுடுங்க" என்பார்கள். வாழ்நாளில் கோட்டைத் தொட்டிருக்க மாட்டார். விடிவதற்குள் வருந்தும் குடும்பத்தார் பட்டியல் ஆறு முறை மாறும். காசு காரியம் முடிந்ததும். துக்க வீட்டில் போய் எப்படிக் கேட்பது? என் டைரியில் அப்படி நிற்பது மட்டும் பத்தொன்பது பேர். இதற்கு எந்தப் பிரிவு என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

அந்த பிளெக்ஸ் கடைக்காரர் போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, உன் எருமை மாதிரியே ஒரு ஜல்லிக்கட்டுக் காளை வேணும்."

"எருமை இலவசம்ண்ணே. காளை ஆயிரத்து ஐநூறு."

பாதியை அட்வான்ஸாக ஜிபேயில் போட்டார். மீதி இன்னும் வரவில்லை.