ஐம்பத்தாறு சுருள்கள்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயது மகளோடு ‘லிட்டில் மிஸ் பிராட்வே’ பார்த்தேன். 1938ஆம் ஆண்டுப் படம். அநாதை இல்லத்திலிருந்து வரும் சிறுமி, மேடைக் கலைஞர்கள் தங்கும் ஒரு விடுதியை ஆடிப் பாடியே காப்பாற்றிவிடுகிறாள். நடுவே இரண்டு பெரியவர்களின் காதல். எவ்வளவு களங்கமில்லாத காலம் அது! என் மகள் இரண்டே நாளில், அந்தச் சிறுமியாக நடித்த ஷெர்லி டெம்பிளின் ஆட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். தலைமுடியையும் அதேபோல் சுருட்டிவிட்டேன். வீடியோ எடுத்து ஒரு தொலைக்காட்சிப் போட்டிக்கு அனுப்பினோம். முதல் சுற்றுக்கு அழைத்திருக்கிறார்கள். உங்கள் ஆசி வேண்டும்.

என் கேள்வி இதுதான். பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களில் குழந்தையோடு உட்கார்ந்து பார்க்கக்கூடியவை எவை? ஒரு பட்டியல் தர முடியுமா? இன்னொன்று, இந்தப் படத்தின் காதல் ஜோடி எனக்கு ஒட்டவே இல்லை. உங்களுக்கு எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஜோடி எனக்கும் ஒட்டவில்லை. ஜார்ஜ் மர்ஃபி நன்றாக ஆடுகிறார், ஃபிலிஸ் புரூக்ஸ் அழகாக நிற்கிறார். அந்தக் காதலில் கதை எழுதியவர்களுக்கே அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. மர்ஃபி பின்னாளில் கலிஃபோர்னியாவின் செனட்டர் ஆனார். அவரோடு கைகோத்து ஆடிய சிறுமி கானாவுக்கும் பிறகு செக்கோஸ்லோவாகியாவுக்கும் அமெரிக்கத் தூதராகப் போனார். படத்தைவிட இந்தப் பின்கதை வேடிக்கையானது.

பட்டியலை இன்னொரு கடிதத்தில் தருகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய வரி கேள்விக்குள் இல்லை. ‘தலைமுடியையும் அதேபோல் சுருட்டிவிட்டேன்’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன். எத்தனை சுருள் போட்டீர்கள்? ஷெர்லியின் அம்மா ஜெர்ட்ரூட் ஒவ்வோர் இரவும் 56 போடுவார். எண்ணிக்கை தவறாது, ஒவ்வொரு சுருளுக்கும் ஊசி செருகி. பகலில் படப்பிடிப்பில் காமிராவுக்கு அருகே உட்கார்ந்துகொண்டு ‘மின்னு ஷெர்லி, மின்னு’ என்பார். அதற்கு ஸ்டூடியோவிடம் தனிச் சம்பளமும் வாங்கினார். அவரைக் கொடுமைக்காரி என்று நான் சொல்லமாட்டேன். மகள்மேல் உயிரையே வைத்திருந்த தாய் என்றுதான் ஷெர்லியும் பின்னாளில் எழுதினார். என்னைத் தூங்கவிடாமல் செய்வதே அந்த அன்புதான்.

‘களங்கமில்லாத காலம்’ என்ற சொல்லை இன்னொரு முறை எழுதாதீர்கள். எழுத்து கூட்டிப் படிக்கும் முன்பே அந்தக் குழந்தையைக் குறும்படங்களில் நடிக்க வைத்தார்கள். அங்கே சொன்னபடி கேட்காத பிள்ளைகளை அடைக்க ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. உள்ளே உட்கார ஒரு பனிக்கட்டி. இதை ஷெர்லி டெம்பிளே 1988இல் வெளியிட்ட தன்வரலாற்றில் சொல்கிறார். பெரிய ஸ்டூடியோவுக்கு வந்தபோது வயதில் ஒன்றைக் குறைத்தார்கள். நீங்கள் பார்த்த படம் வெளியானபோது அவருக்குப் பத்து வயது, ஆனால் அவருக்குத் தெரிந்த கணக்கில் ஒன்பது. பன்னிரண்டாவது பிறந்தநாள் என்று நம்பிக் கொண்டாடிய அன்றுதான் பதின்மூன்று முடிகிறது என்று அம்மா சொன்னார். குழந்தைப் பருவத்தில் ஓர் ஆண்டையே கணக்கிலிருந்து எடுத்துவிட்ட காலத்தைத்தான் நீங்கள் களங்கமில்லாதது என்கிறீர்கள்.

இப்போது அந்த அநாதைக்கு வருவோம். இதை நான் பல காலமாகச் சொல்லிவருகிறேன், என் நண்பர்களுக்கு அலுத்தே போய்விட்டது. நீங்கள் புதியவர், கேளுங்கள். 1930களின் ஹாலிவுட்டில் ஆடிப்பாடும் குழந்தை ஏன் இத்தனை முறை அநாதையாக வருகிறது? பொருளாதார வீழ்ச்சிக் காலம், இல்லங்கள் நிரம்பி வழிந்தன, மக்கள் அழ விரும்பினார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் பாதிதான். தாய் தகப்பன் உள்ள குழந்தை நள்ளிரவில் மேடையில் நின்றால் பார்க்கிறவன் மனத்தில் ஒரு கேள்வி எழும்: இவளைத் தூங்க வைக்க ஆளில்லையா? அநாதை என்று சொல்லிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும், வெளியே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அப்பாவையும் துடைத்துவிட அதைவிட நல்ல துணி கிடையாது.

உங்கள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுதிக்காரர் வாடகை பாக்கி வைத்திருக்கிறார். 2,500 டாலர். பேசும்படமும் வானொலியும் வந்தபின் ஆட்டம், பாட்டு, வித்தை எல்லாம் கலந்த ‘வாட்வில்’ மேடைக் கலைஞர்களுக்குப் பிழைப்பு போய்விட்டது. அந்த வறுமை மட்டும் நிஜம். அதைத் தீர்க்க வேண்டியவர்கள் யார்? நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டி இருக்கிறார் (அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் நான் சிரித்தேன், ஒப்புக்கொள்கிறேன்), ஒரு வாத்தியக்குழு இருக்கிறது, வித்தைக்காரர்கள் இருக்கிறார்கள். அத்தனை பெரியவர்களும் ஒரு சிறுமியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் ஆடினால்தான் வாடகை அடையும், காதலர்கள் சேருவார்கள், கட்டடத்தின் சொந்தக்காரியான கடுகடுப்புக் கிழவியின் மனம் இளகும். காதல் பெரியவர்களுக்கு, உழைப்பு குழந்தைக்கு. கிழவி அவளைத் திரும்ப இல்லத்துக்கே அனுப்ப வைக்கும்போது நாம் கண்ணீர் விடுகிறோம். அங்கே போனால் எட்டு மணிக்குப் படுக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

உச்சக்காட்சி நீதிமன்றத்தில் நடக்கிறது, நினைவிருக்கிறதா? நீதிபதி முன்னால் மொத்தக் கூட்டமும் ஆடிக் காட்டுகிறது. படம் வந்தது 1938 ஜூலையில். அதே ஆண்டு ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸில் உண்மையாகவே ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. தொடுத்தவர் ஜாக்கி கூகன். சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில், 1921இல், கைவிடப்பட்ட குழந்தையாக வந்து உலகத்தையே அழவைத்த அதே பையன். சிறுவனாக அவர் சம்பாதித்தது முப்பது, நாற்பது லட்சம் டாலர். 1935இல் தந்தை கார் விபத்தில் இறந்தார். குடும்பத்தின் வரவு செலவைப் பார்த்துவந்தவரையே அம்மா மணந்துகொண்டார். தனக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்ட மகனுக்குக் கிடைத்த பதில், அன்றைய கலிஃபோர்னியச் சட்டப்படி பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம் என்பது. கடைசியில் அவர் கைக்கு வந்தது 1,26,000 டாலர். அந்த அவமானத்திலிருந்து பிறந்ததுதான் 1939ஆம் ஆண்டின் ‘கூகன் சட்டம்’. அதிலும் ஓட்டைகள். குழந்தையின் சம்பளம் குழந்தைக்கே சொந்தம் என்று தெளிவாக எழுத அவர்களுக்கு 2000ஆம் ஆண்டு வரை ஆனது.

திரையில் அநாதையாக நடித்த பையன், நீதிமன்றத்தில் அம்மாவுக்கு எதிரே நிற்கிறான். மூன்றே மாதத்தில், ஓர் அநாதை நீதிமன்றத்தில் ஆடும் நகைச்சுவைப் படம் வருகிறது. மக்கள் டிக்கெட் வாங்கிச் சிரித்தார்கள்.

ஷெர்லிக்கும் இதுவேதான் நடந்தது. 1935 முதல் 1938 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலில் முதலிடம். அப்பா ஜார்ஜ் டெம்பிள் வங்கி வேலையை விட்டுவிட்டு மகளின் பணத்தைப் பார்த்துக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் கணக்குப் புத்தகங்களைத் திறந்தபோது, முப்பத்திரண்டு லட்சம் டாலரில் மிஞ்சியிருந்தது ஏறக்குறைய 44,000. வங்கிக்காரர் பார்த்த கணக்கு! ஷெர்லி வழக்குப் போடவில்லை, அப்பாவைத் திட்டவும் இல்லை. அந்தப் பக்கத்தைப் போன மாதம் மறுபடியும் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

இந்த மயக்கம் நமக்கும் புதிதில்லை. 1937இல் ‘பாலயோகினி’ வந்தபோது பேபி சரோஜாவை ‘இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்’ என்றார்கள். அதன்பின் பிறந்த பெண்களுக்கு வீட்டுக்கு வீடு சரோஜா என்று பெயர் வைத்தார்கள். என் அத்தைகளில் இருவர் சரோஜா.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மகள் ஆடட்டும். சோபாவைத் தள்ளிப் போட்டுவிட்டு நீங்களும் கூட ஆடுங்கள். ஆனால் என்னிடம் ஆசி கேட்கும் முன் அந்தத் தொலைக்காட்சிக்காரர்களிடம் சில கேள்விகள் கேட்டீர்களா? குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் என்று ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தையை நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடிக்கவோ ஆடவோ வைக்கக்கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது இருபது விழுக்காடு குழந்தையின் பெயரில் வங்கி வைப்பாகப் போக வேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். முதல் சுற்று எத்தனை மணிக்கு என்று எழுதவில்லை நீங்கள். என் ஊகம், காலை ஏழு மணிக்கு வரச்சொல்லி இரவு பத்துக்கு மேடை ஏற்றுவார்கள்.

இவ்வளவு பேசும் எனக்கும் இதில் பங்கு உண்டு. ஐந்தாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒரு மெல்லிசைக் குழுவில் பாடுவான். பெரியவர்கள் பாடும் காதல் பாட்டுகளைத்தான் பாடுவான், கூட்டம் அதற்குத்தான் விழுந்து விழுந்து சிரிக்கும். எங்கள் ஊர்ப் பங்குனித் திருவிழாவில் அவன் மேடை ஏறியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அவனுடைய அப்பா திரைக்குப் பின்னால் அவன் கண்ணில் தண்ணீர் அடிப்பதைப் பார்த்தேன். ‘இன்னொரு பாட்டு’ என்று கத்தியவர்களோடு நானும் கத்தினேன். மாமா கொடுத்த ஒரு ரூபாய் நோட்டை எடுத்துக்கொண்டு மேடை ஏறி, எல்லாரையும்போல அவன் சட்டையில் குண்டூசியால் குத்தினேன். ஊசி உள்ளே இறங்கிவிட்டது. தோள் ஒருமுறை துள்ளியது. பாட்டு நிற்கவில்லை, அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

திங்கட்கிழமை வகுப்பில் மேசைமேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் எழுப்பி, என் ரூபாயில் என்ன வாங்கினாய் என்று கேட்டேன்.

“எந்த ரூபாய்?” என்றான்.