இருமல் நின்றுவிட்டது, மாத்திரையையும் நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு 42 வயது. நுரையீரலில் காசநோய் என்று சொல்லி, அரசு மருத்துவமனையில் மூன்று மாதமாக மாத்திரை கொடுக்கிறார்கள். இருமல், காய்ச்சல் எல்லாம் போய்விட்டது. எடை 46 கிலோவிலிருந்து 52 ஆகிவிட்டது. இரண்டாம் மாத முடிவில் எடுத்த சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று பத்து நாளாகப் போடவில்லை. "திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: சகோதரி, உங்கள் கணவர் மீண்டும் மாத்திரையைத் தொடங்கியே ஆக வேண்டும். பத்து நாள்தான் ஆகியிருக்கிறது, சரிசெய்துவிடலாம். ஆனால் விட்டதையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் போட வேண்டாம். மருந்து கொடுத்த மருத்துவமனைக்கு நாளைக்கே போங்கள். இடைவெளி ஒரு மாதத்துக்குள் என்றால், பொதுவாக விட்ட இடத்திலிருந்து தொடங்கி, போடாமல் விட்ட நாட்களையும் கடைசியில் சேர்த்து முடிக்கச் சொல்வோம். தேவைப்பட்டால் சளியை மறுபடி சோதிப்பார்கள். எடை கூடியிருப்பதால் மாத்திரையின் எண்ணிக்கையும் மாறலாம். இந்த மருந்து எடையைப் பார்த்துக் கொடுப்பது.

உடம்பு தேறியும் ஏன் ஆறு மாதம்? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் சில வாரங்களிலேயே செத்துவிடும். இருமல் நிற்பதும் பசி எடுப்பதும் அதனால்தான். ஆனால் கொஞ்சம் கிருமிகள் பெருகாமல், ஏறக்குறைய உறங்குவது போல நுரையீரலுக்குள் கிடக்கும். சளிப் பரிசோதனையில் அவை தென்படாமல் போகலாம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து என்று வகுத்திருப்பது அவற்றையும் ஒழிக்கத்தான்.

"திரும்ப வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு கொத்தனார் நான்காம் மாதம் நிறுத்திவிட்டார். அடுத்த வருடம் சளியில் ரத்தத்தோடு வந்தார். அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கியிருந்தன. அதற்குள் காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அவருக்கு வேலை செய்யாமல் போயிருந்தது. அன்றைய முறைப்படி இரண்டு வருடத்துக்கு நெருக்கமான சிகிச்சை, மாதக்கணக்கில் ஊசி. அந்த ஊசியால் ஒரு காது சரியாகக் கேட்காமலே போயிற்று. இப்போது புதிய மருந்துகள் வந்திருக்கின்றன. ஆனாலும் மருந்துக்கு அடங்காத கிருமி வந்துவிட்டால், வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றுவது அந்தக் கிருமியாகவே இருக்கும்.

1956-ல் சென்னையில் தொடங்கிய ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில், நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்து வைத்தார்கள். இன்னொரு பிரிவினர் நெருக்கடியான தங்கள் வீடுகளிலேயே இருந்து, அதே மருந்தைச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே பலன். அந்த ஏழை வீடுகளில் நோயைக் குணப்படுத்தியது ஒழுங்காக உள்ளே போன மருந்துதான்.

குமட்டலை நான் அலட்சியம் செய்யவில்லை, அது உண்மையான தொல்லை. வெறும் வயிற்றில் தாங்கவில்லை என்றால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போடலாமா, இரவில் படுக்கும் முன் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலோருக்கு இதிலேயே சரியாகிவிடும். அசிடிட்டி மருந்தை இதோடு சேர்த்துப் போட வேண்டாம். குடிப்பழக்கம் இருந்தால் இந்த மாதங்களில் அறவே கூடாது, ஈரல் தாங்காது. சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிஃபாம்பிசினின் நிறம். ஆனால் கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாவது, ஓயாத வாந்தி, சாப்பாட்டைப் பார்த்தாலே வெறுப்பு, பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில், உங்கள் கண் முன்னால் போடச் சொல்லுங்கள். போட்டதும் காலண்டரில் ஒரு கோடு.

நாளை போகும்போது மீதமிருக்கும் அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள் விட்டுப்போயிற்று என்பதை எண்ணிப் பார்த்துவிடுவார்கள். அவரைத் திட்டுவார்களோ என்று மறைக்க வேண்டாம். பிள்ளைகள் இருவரையும் அழைத்துப் போங்கள். அவர்களையும் சோதித்து, நோய் இல்லை என்றால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.